முதல் 20 கிலோமீட்டர் வேகத்துக்காக ஒரு பழைய ஸ்கூட்டர்

நகர நெரிசலில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவருக்கு உச்ச வேகத்தால் ஒரு பயனும் இல்லை. சிக்னலில் நிற்பது, நகர்வது, மறுபடி நிற்பது, பேருந்துக்குப் பின்னால் ஊர்வது என்று பெரும்பாலான நேரம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கீழேதான் போகிறது. ஆனால் வண்டி வாங்கும்போது மட்டும் சிசி எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு வந்துவிடுகிறோம். செகண்ட்ஹேண்டில் ஒரு 110 சிசி ஸ்கூட்டர் தேடிக் கிளம்பியபோது நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். நின்ற இடத்திலிருந்து 20 வரை உதறாமல் போகிறதா? 20-லிருந்து நினைத்த இடத்தில் நிற்கிறதா? இதற்குப் பதில் இன்ஜினில் இல்லை. பெல்ட், ரோலர், கிளட்ச், பிரேக், டயர் இவற்றில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையும் சில கருவிகளும் இருந்தால் இவ்வளவையும் வீட்டு வாசலில் உட்கார்ந்தே சரிசெய்துவிடலாம். அதனால் இன்ஜினும் சட்டமும் (ஃப்ரேம்) நன்றாக இருந்து, மற்றதெல்லாம் தேய்ந்துபோன வண்டியாகவே தேடினேன்.

வண்டி பார்த்தது

போனில் பேசும்போதே ஒன்று சொல்லிவிடுவது நல்லது: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். அப்படிச் சொல்லியும் முதலில் பார்க்கப் போன வண்டியில் சைலன்சர் தொட முடியாத சூட்டில் இருந்தது. “உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு ஓடவிட்டு வெச்சேன் சார்” என்றார் விற்பவர். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஸ்டார்ட் ஆகத் திணறுவதும், முதல் சில நொடிகளில் வரும் நீலப் புகையும் ஆறிக் கிடக்கும் இன்ஜினில்தான் தெளிவாகத் தெரியும். குளிர்ந்த நேரத்தில் வெள்ளையாக வந்து சீக்கிரம் மறைவது வெறும் ஈரம். நீலம் கலந்து, எரிந்த ஆயில் வாடையோடு வந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ போய்விட்டது என்று பொருள். அது வாசலில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை.

பிடித்துப்போன வண்டி ஆறியே கிடந்தது. பேட்டரி செத்துப்போனதால் வேறு வழியும் இல்லை, கிக்கரில்தான் எழுப்பினோம். புகை இல்லை. ஆவணத்தில் உள்ள இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தேன். ஓடோமீட்டரை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஹேண்டில் கிரிப்பின் ரப்பர், மெயின் ஸ்டாண்டின் கால், கிக்கர் மிதி இவை எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்த்தாலே வண்டி எவ்வளவு உழைத்திருக்கிறது என்பது ஓரளவு பிடிபட்டுவிடும்.

சட்டத்துக்கு இரண்டு மூன்று சோதனைகள் போதும். மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்னால் ஒருவரை அமுக்கச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டு, ஹேண்டிலை ஒரு விரலால் இடமும் வலமும் மெல்லத் திருப்ப வேண்டும். நேராக வரும் இடத்தில் லேசாகச் சிக்கி நின்றால் கோன் செட்டில், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங்கில், குழி விழுந்திருக்கிறது; அந்த வண்டி மெதுவாகப் போகும்போது நேராகப் போகாமல் அலையும். பிறகு பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஸ்கூட்டரில் இன்ஜினும் பின்சக்கரமும் ஒரே கட்டாகச் சேர்ந்து மேலும் கீழும் ஆடுகின்றன. அந்தக் கட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் புஷ் தேய்ந்துபோனால் வளைவில் பின்பக்கம் தனியாக நெளியும். கால் வைக்கும் பலகைக்கு அடியில் டார்ச் அடித்துத் துருவும் பார்த்தேன். மேலே பெயின்ட் பளபளவென்று இருப்பதெல்லாம் கணக்கிலேயே வராது.

ஓட்டிப் பார்த்தபோது கிளம்பிய உடனே, ஏறக்குறைய 10-லிருந்து 20 வேகத்துக்குள், வண்டி கடகடவென்று உதறியது. அதற்கு மேல் அமைதி. “இது எல்லா வண்டிலயும் இருக்கும் சார், போகப் போகப் பழகிடும்” என்றார் அவர். எல்லா வண்டியிலும் இருக்காது. ஆனால் நான் தேடியதே அந்த உதறலைத்தான். அது கிளட்ச்சின் குறை. சரிசெய்யத் தெரிந்தால் பேரம் பேச அதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

பெல்ட் கவருக்குள்

கியர் இல்லாத ஸ்கூட்டரின் இடது பக்க நீளமான கவருக்குள் இருப்பது ஒரு ரப்பர் பெல்ட்டும் இரண்டு கப்பிகளும். ரப்பர் பெல்ட்டால் வேகத்துக்கேற்பத் தானாக மாறும் ஏற்பாட்டை 1958-லேயே நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் காரில் கொண்டுவந்துவிட்டது. ஸ்கூட்டரில் இருப்பதும் ஏறக்குறைய அதே தத்துவம்தான். முன் கப்பிக்குள் ஆறு சிறிய உருளைகள், அதாவது ரோலர்கள், சாய்வான பள்ளங்களில் கிடக்கின்றன. இன்ஜின் வேகம் கூடக் கூட அவை வெளிப்பக்கம் வீசப்பட்டுக் கப்பியின் இரண்டு முகங்களையும் நெருக்குகின்றன. நடுவில் இருக்கும் பெல்ட் மேலேறிப் பெரிய வட்டத்தில் ஓடுகிறது. அதே நேரத்தில் பின் கப்பி ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு விரிந்து, பெல்ட்டை உள்ளே இறங்கவிடுகிறது. பின்னால் இருக்கும் கிளட்ச்சும் மையவிலக்கு விசையில்தான் இயங்குகிறது. இன்ஜின் சுற்றும் வேகம் ஓரளவு ஏறிய பிறகே அதன் ஷூக்கள், அதாவது பிடிக்கும் கட்டைகள், விரிந்து, சுற்றியிருக்கும் கிளட்ச் டிரம்மைப் பிடிக்கும். அதற்குக் கீழே இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே கிடையாது.

நெரிசலில் ஊரும்போது இந்த ஷூக்கள் பிடித்தும் பிடிக்காமலும் வழுக்கிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சூட்டில் ஷூவின் மேற்பரப்பு கண்ணாடி போல் மினுமினுப்பாகி இறுகிவிடுகிறது. பிறகு அது ஒரே சீராகப் பிடிப்பதில்லை. பிடித்து விட்டு, பிடித்து விட்டு வருகிறது. உதறலின் கதை இவ்வளவுதான்.

கவரைக் கழற்றும்போது ஓரத்தில் உள்ள போல்ட்கள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வைத்துவிட்டால் பிறகு தேட வேண்டாம். உள்ளே கறுப்புத் தூள் அப்பிக் கிடந்தது. ஊதிவிடலாம் என்று கை பரபரக்கும், ஊதக் கூடாது. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. மாஸ்க் போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனர் அடித்து நனைத்து, துணியால் துடைத்தேன். தூள் காய்ந்திருந்ததில் ஒரு நிம்மதி. எண்ணெய்ப் பசையோடு இருந்திருந்தால் கிராங்க் (இன்ஜினின் சுழலும் அச்சு) சீலோ கியர்பாக்ஸ் சீலோ கசிகிறது என்று அர்த்தம். வேலை இரண்டு மடங்காகியிருக்கும்.

முன் கப்பியின் நட்டைக் கழற்ற, கப்பி சுற்றாமல் பிடித்துக்கொள்ளும் ஹோல்டர் ஒன்று வேண்டும். கப்பியின் இறக்கைகளுக்கு நடுவில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து மடக்கினால் இறக்கை ஒன்று உடைந்து கையோடு வரும். அந்த இறக்கைகள்தான் பெல்ட் அறைக்குக் காற்றடிக்கும் விசிறி.

ரோலர்களை எடுத்துக் கண்ணாடி மேல் உருட்டினேன். புதுசு என்றால் ஓசையில்லாமல் ஓடும். இவை டொக் டொக்கென்று நின்று நின்று உருண்டன. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. அப்படித் தட்டையான ரோலர் பள்ளத்தில் வழுக்கி நகராமல் ஓரிடத்தில் நின்று பிறகு எகிறுகிறது. வேகம் பிடிக்கும்போது நடுவில் வரும் வெட்டலுக்குக் காரணம் அதுதான். பழைய ரோலர் எந்த எடையோ அதே எடையில்தான் புதுசு போட்டேன். எடை குறைந்த ரோலர் போட்டால் பிக்கப் கூடும் என்பது உண்மைதான். அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகம் சுற்றும், பெட்ரோலும் அதற்கேற்பக் குடிக்கும். சில ரோலர்களில் ஒரு பக்கம் மூடியிருக்கும். எந்தப் பக்கம் பார்த்து வைத்திருந்தது என்று எடுப்பதற்கு முன்பே ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது.

கிளட்ச் ஷூக்களின் மினுமினுப்பைக் கரடான எமரி தாளால் தேய்த்து எடுத்தேன். மேற்பரப்பு மங்கலான சாம்பல் நிறத்துக்கு வரும்வரை தேய்த்தால் போதும். கிளட்ச் டிரம்மின் உள்பக்கத்தையும் குறுக்கும் நெடுக்குமாக லேசாகத் தேய்த்துவிட்டு பிரேக் கிளீனரில் கழுவினேன். டிரம்மின் உள்ளே நீலம் பாரித்த திட்டுகள் இருந்தால் அது சூட்டில் வெந்திருக்கிறது, வட்டமும் கெட்டிருக்கலாம். அதை மாற்றிவிடுவதே மேல். இதில் திட்டு இல்லை. பின் கப்பியின் முகத்தைத் திருகி விட்டுப் பார்த்தேன். ஸ்பிரிங் பலத்தில் சட்டென்று பழைய இடத்துக்கு வந்தது. மந்தமாக வந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது என்று பொருள். பெல்ட் பக்கவாட்டில் தேய்ந்திருக்கிறதா என்று அகலத்தை அளந்து, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். பல் இடுக்குகளில் விரிசல் தெரிந்ததால் நான் அளக்காமலே மாற்றிவிட்டேன்.

மாட்டும்போது கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. அவசரத்தில் வேலை பார்க்கும் கடைகளில் இது அடிக்கடி தவறுகிறது. பெல்ட்டைச் சாதாரணமாக மாட்டினால் முன்பக்கம் அது விறைப்பாக இருக்கும். அப்படியே முன் கப்பியின் வெளிமுகத்தை வைத்து நட்டை இறுக்கினால், முகம் தன் இடத்தில் போய் உட்கார்வதற்குள் நடுவில் பெல்ட் சிக்கிக்கொள்ளும். நட்டு இறுகிவிட்டது போல் கைக்குத் தோன்றும். உண்மையில் அது பெல்ட்டைத்தான் நசுக்கிக்கொண்டிருக்கிறது. வண்டி ஓடி பெல்ட் நகர்ந்ததும் நட்டு தளர்ந்து, கிராங்க் முனையில் உள்ள பல்வரிசையையே மழித்துவிடும். அதற்குப் பிறகு இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். இதைத் தவிர்ப்பது எளிது. பின் கப்பியின் இரண்டு முகங்களையும் கையால் விரித்து, பெல்ட்டை அதன் ஆழத்தில் இறக்கிவிட வேண்டும். முன்பக்கம் பெல்ட் தொளதொளவென்று தொங்கும். இப்போது வெளிமுகத்தை வைத்தால், நடுவில் இருக்கும் குழாய் போன்ற பாகத்தில் போய் ‘டக்’கென்று உட்காரும், பல்வரிசை முகத்துக்கு வெளியே கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அது தெரிந்த பிறகுதான் நட்டு. இறுக்குவதும் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு, டார்க் ரெஞ்ச்சால். எல்லாம் முடிந்ததும் பின் கப்பியைக் கையால் பல சுற்று சுற்றினால் பெல்ட் மெல்ல மேலேறி விறைப்பாகிவிடும். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் சுற்றும் திசையைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். கப்பி முகங்களில் விரல் பட்ட எண்ணெய்கூட இருக்கக் கூடாது.

கவரை மூடுவதற்கு முன் கியர் ஆயிலையும் மாற்றினேன். பின்சக்கரத்தை ஒட்டிய சின்ன கியர்பாக்ஸ் அது. 100 மில்லியை ஒட்டித்தான் பிடிக்கும். அளவு குறைவு என்பதாலோ என்னவோ, இன்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். வெளியே வந்தது கஷாய நிறத்தில் இருந்தது.

பிரேக், டயர், பேட்டரி

இரண்டு பக்கமும் டிரம் பிரேக். டிஸ்க் இருந்தால் நல்லதுதான், ஆனால் ஒழுங்காகப் பராமரித்த டிரம் நகர வேகத்துக்குப் போதும். சக்கரத்தைக் கழற்றாமலே ஷூ எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது: சக்கரத்தருகே கேபிள் இழுக்கும் பிரேக் கையின் அச்சில் ஒரு சிறு அம்பும், தகட்டில் ஒரு கோடும் இருக்கும். பிரேக்கை முழுக்கப் பிடிக்கும்போது அம்பு கோட்டைத் தொட்டால் ஷூ முடிந்தது. பின்பக்கத்தில் அம்பு கோட்டின் மேலேயே நின்றது. முன்பு ஓட்டியவர்கள் பிரேக் கேபிளின் நட்டைத் திருகிக்கொண்டே போய்ச் சமாளித்திருக்கிறார்கள் போல.

சக்கரத்தைக் கழற்றி, ஷூக்களை எடுத்து, டிரம்மின் உள்விட்டத்தை அளந்தேன். 130 மில்லிமீட்டர் டிரம்முக்குத் தேய்மான எல்லை 131. அதை டிரம்மிலேயே பொறித்திருப்பார்கள். எல்லைக்குள் இருந்தது. ஷூக்களை விரிக்கும் கேம் அச்சில் துருவைத் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸை அரிசியளவு மட்டும் தடவினேன். அதிகமானால் உருகி ஷூவில் இறங்கிவிடும். கேபிளை மேல் முனையில் தூக்கிப் பிடித்து, கீழ் முனையில் சொட்டும்வரை மெல்லிய எண்ணெய் விட்டேன். கடைசியாக லீவரின் நுனியில் 10-லிருந்து 20 மில்லிமீட்டர் வெற்று அசைவு இருக்கும்படி நட்டைத் திருகினேன். இந்த நட்டின் அடியில் அரைவட்டமாக ஒரு குழி இருக்கும். அது பிரேக் கையில் உள்ள பின்னின் (ஆணி) மேல் பொருந்தி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதியில் நின்றால் முதல் அழுத்தத்திலேயே உள்ளே விழுந்து, சரிசெய்த அளவு மாறிப்போகும்.

டயரைப் பொறுத்தவரை வரி ஆழமாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2316 என்றால் 2016-ன் 23-வது வாரம். என் முன் டயரில் வரி நன்றாகவே இருந்தது. ரப்பர் கிழடு தட்டி, நகத்தால் அழுத்தினால் பதியவே இல்லை. ஈரத்தில் அது வழுக்கும். மாற்றினேன். 10 அங்குலச் சக்கரம் என்பதால் காற்றழுத்தம் கொஞ்சம் மாறினாலும் கையில் தெரிகிறது. தனியாக ஓட்டும்போது முன்னால் 22, பின்னால் 29 பிஎஸ்ஐ என்பது இந்த அளவு வண்டிகளில் பலவற்றுக்கும் பொதுவானது; உங்கள் வண்டியின் ஸ்டிக்கரில் உள்ளதே சரியான அளவு.

சக்கரத்தைக் கழற்றும்போது வெஸ்பாவின் நினைவு வராமல் இருக்காது. 1946-ல் வந்த அந்த ஸ்கூட்டரை வடிவமைத்த கொர்ராதினோ த'அஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடிக்காமல், விமானச் சக்கரம் போல ஒரு பக்கக் கையிலேயே நிறுத்தினார். பஞ்சரானால் சட்டென்று கழற்றி ஸ்டெப்னியை மாட்டிவிடலாம். டியூப்லெஸ் டயர் வந்த பிறகு ஸ்டெப்னி தேவையில்லை என்றாகிவிட்டது, ஆனாலும் அந்த வசதியின் அருமை முழங்கால் போட்டு ஆக்சிலைத் தட்டி எடுக்கும்போதுதான் தெரிகிறது.

பேட்டரி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புதுசு போட்டு, ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா, இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி ஏறுகிறதா என்று மட்டும் மீட்டரில் பார்த்தேன். ஓடும்போது ஏறவில்லை என்றால் புது பேட்டரியும் சீக்கிரமே பழசாகிவிடும்.

தெருவில்

முதல் ஓட்டத்திலேயே உதறல் இல்லை. கிளம்பும்போது ஒரு மெல்லிய இழுப்பு, அவ்வளவுதான். அதன்பிறகு ஓட்டும் முறையையும் கிளட்ச்சை மனதில் வைத்தே அமைத்துக்கொண்டேன். நெரிசலில் முன்னால் இருப்பவர் ஓரடி நகர்ந்தால் நாமும் ஓரடி நகர வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. வண்டி நீளத்துக்கு இடம் கிடைக்கும்வரை நின்று, பிறகு ஒரே மூச்சாக நகர்ந்து ஷூ முழுக்கப் பிடிக்கவிடுவது கிளட்ச்சுக்கு நல்லது. பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். ஏற்றத்தில் நிற்கும்போது சிலர் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திருகி வண்டியைப் பிடித்து நிறுத்துவார்கள். அது ஷூவை வறுக்கிற வேலை. பிரேக்கில் நிற்க வேண்டும்.

நடை வேகத்தில் திரும்ப வேண்டியிருந்தால் மட்டும் கதை வேறு. ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டால் கிளட்ச் விடுபட்டு, வண்டி இழுவையில்லாமல் மிதக்கும். கால் ஊன்ற வேண்டியதாகிவிடும். அந்தச் சில நொடிகளுக்கு ஆக்சிலரேட்டரை லேசாகத் திறந்து வைத்து, பின் பிரேக்கால் வேகத்தை அடக்கினால் வண்டி கயிறு கட்டினது போல் நிதானமாகத் திரும்புகிறது. இடது லீவரைப் பிடித்தால் முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் வண்டிகளில் இதை இன்னும் மென்மையாகச் செய்ய வேண்டும்.

நிற்பதற்குத் தேவையான தூரத்தை ஒருமுறையாவது கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 11 மீட்டர். கண் பார்த்து கை பிடிப்பதற்குள் ஒரு நொடி போனால், பிரேக் தொடங்கும் முன்பே 11 மீட்டர் கடந்தாகிவிட்டது. அதன் பிறகு காய்ந்த சாலையில் நன்றாகப் பிடித்தால் இன்னும் 10 மீட்டர். அதையே 20-ல் செய்தால் பிரேக் தூரம் பாதியாகக் குறைவதில்லை. நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. நிறுத்தும்போது எடை முன்சக்கரத்துக்குப் போவதால் முன் பிரேக்தான் அதிக வேலை செய்கிறது. பயந்துகொண்டு பின் பிரேக்கை மட்டும் மிதமிஞ்சிப் பிடிப்பவர்கள்தான் வழுக்குகிறார்கள். முன் பிரேக்கைச் சட்டென்று கவ்வாமல், பிழிவது போலக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்; ஹேண்டில் நேராக இருக்க வேண்டும்.

சின்னச் சக்கரம் குழியில் ஆழமாக இறங்கும் என்பது 10 அங்குலத்தின் விலகாத குறை. குழியைத் தவிர்க்க முடியாவிட்டால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, விளிம்பில் பிரேக்கை விட்டுவிட வேண்டும். பிரேக்கைப் பிடித்தபடி இறங்கினால் முன் சஸ்பென்ஷன் ஏற்கெனவே அமுங்கிக் கிடக்கும். அடி நேராக மணிக்கட்டுக்கு வரும். மழையில் சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடுகளும் சாக்கடை இரும்பு மூடிகளும் ஒரே மாதிரிதான் வழுக்கும். நிறுத்திய கார்களை ஒட்டிப் போகும்போது ஒரு கதவு திறக்கும் அளவுக்கு இடம் விட்டே போகிறேன். பேருந்தின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் எனக்குத் தெரியவில்லை என்றால் நானும் அவருக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் நான் நிற்பதில்லை. காலடிப் பலகையில் மூட்டை வைத்துக்கொண்டு போவது ஸ்கூட்டருக்கே உரிய சௌகரியம்தான். ஆனால் திரும்பும்போது ஹேண்டிலோ முழங்காலோ அதில் இடிக்கக் கூடாது, கால் ஊன்ற வழியும் இருக்க வேண்டும்.

கொஞ்ச நாள் ஓடிய பிறகு பெல்ட் கவரை மறுபடி திறந்தேன். தூள் குறைவாகவே இருந்தது. நட்டில் நான் வரைந்து வைத்திருந்த பெயின்ட் கோடு நகரவில்லை. ரோலர்களில் தட்டை இல்லை, ஷூக்களின் பிடிப்பு ஒரே சீராகப் பரவியிருந்தது. பின் பிரேக் மட்டும் புது ஷூ படிந்ததால் கொஞ்சம் தளர்ந்திருந்தது. நட்டை இரண்டு அரைச் சுற்று திருகினேன். முன்பக்க சஸ்பென்ஷனின் லிங்க் புஷ்ஷில் லேசாக ஒரு ‘டக் டக்’ கேட்கிறது. அடுத்து கழற்றப்போவது அதைத்தான்.